முழங்கையைத் தாங்கிய கை

யாங்கூனின் பசுந்தாங் பகுதி மகளிர் அணியில் பவானி ஓடவும் மாட்டாள், பந்து பிடிக்கவும் மாட்டாள். இடுப்பில் தொங்கும் துணிப்பட்டையை உருவிவிட்டால் ஆள் பிடிபட்டதாகக் கொள்ளும் அந்த அமெரிக்கக் கால்பந்தில், அடுத்து ஓடுவதா, எறிவதா என்பதை எல்லைக்கோட்டருகே நின்று கைச்சாடையால் அணித்தலைவி ருமானாவுக்கு உணர்த்துவதே அவள் பணி. அப்பணியும் அன்று ஆட்டங்கண்டிருந்தது. சென்ற இரு போட்டிகளில், அன்றும் எதிரே நின்ற டாலா அணியினர் அவளுடைய சாடைகளை ஒன்றுவிடாமல் படித்திருந்தனர்.

"இன்னிக்கும் களவு போச்சுன்னா, மா பவானி, அந்த வேலைய வெளிய உக்காந்திருக்கிற ஃபஹீமாகிட்ட குடுத்துருவேன்," என்றாள் ருமானா, பர்மிய வழக்கப்படி பெயருக்கு முன் 'மா' சேர்த்து.

பவானி மூன்று நாள் சிந்தித்துப் புதுச்சாடை வகுத்திருந்தாள். காதைத் தொட்டால் நடுவே ஓட வேண்டும். வலது முழங்கையை இடக்கையால் தாங்கினால் பந்தைத் தொலைவுக்கு எறிய வேண்டும். பெரியவர்களிடம் எதை வாங்கினாலும் யாங்கூனில் அனைவரும் செய்யும் மரியாதைதானே அது! யார் ஐயுறுவார்?

ஆயினும் எறிந்த இரண்டு பந்துகளையும் டாலா பெண்களே பிடித்தனர்.

"என்னடி, போச்சா?"

"இல்ல ருமானா, காத்து!"

மூன்றாம் முறை அவள் காதைத் தொட்டாள். ருமானா தலையசைத்துத் திரும்பினாள். அவ்வேளையில், அணிக்குச் சட்டை வாங்கித் தந்த பெரியவர் ஊ இனாயத்துல்லா கரும்புச்சாறு நீட்டினார். பவானி பழக்கத்தால் முழங்கையைத் தாங்கிப் பணிவுடன் வாங்கினாள். மறுகணம் டாலா பெண்கள் அனைவரும் பின்னோக்கிப் பறந்தனர்! வெறிச்சோடிய நடுவெளியில் ருமானா உலாப்போவது போல ஓடிச் சென்று ஆறு புள்ளி எடுத்தாள்.

பவானிக்குச் சாறு புரையேறியது. களவு போயிருந்தது உண்மை. ஆனால் திருடியவர்களை இனித் தானே ஓட்டலாமே! இடைவேளையில் ருமானாவிடம் அனைத்தையும் ஒப்புக்கொண்டு, "என் கையில தம்ளர் இருந்தா பொய்யின்னு வச்சுக்க, நடுவுலயே ஓடு," என்றாள்.

இரண்டாம் பாதியில் பெரியவர் நீட்டிய நான்கு தம்ளரை அவள் முழங்கையைத் தாங்கி வாங்கி அருந்தினாள். நான்கு முறையும் டாலா பின்னோக்கி ஓடியது, பசுந்தாங் வென்றது.

"எவ்வளவு மரியாதையான பொண்ணு!" என்று ஊ இனாயத்துல்லா மனமுருகினார்.

ருமானா மூச்சு வாங்கச் சிரித்தாள். "வேலை உனக்குத்தான். ஃபஹீமாவுக்கு இவ்வளவு சாறு குடிக்க முடியாதும்மா."

அதற்குள் கழிப்பறையை நோக்கி, வாழ்வில் முதன்முறையாக, பவானி ஓடிக்கொண்டிருந்தாள்.