முந்நூற்று அறுபது வந்தாக வேண்டும்

இரும்பை இறுக்கிப் பிடிக்கும் வைஸின் கைப்பிடி இன்னொரு கால் சுற்று சுற்றியது. உள்ளே நசுங்கிக்கொண்டிருந்தது ஃபிட்டரின் வலது கை.

"சொல்லு மாமா! தண்டவாளத்தைக் கோணலா வெச்சது நீதானே?" மச்சினன் உறுமினான். காலையில் டிராலி கவிழ்ந்து, அதிலிருந்த மோட்டார் அவன் தம்பியின் மார்பில் இறங்கியிருந்தது. உடலை இப்போதுதான் எடுத்துப் போனார்கள். ரத்தம் காயவில்லை.

"கோணல் இல்ல மாப்ள. நிரூபிக்கிறேன். தப்புன்னா கையை எடுத்துக்கோ."

"எடுக்கத்தான் வந்திருக்கேன்."

பட்டறைத் தரையில் ஆறு பக்க இரும்பு ஃபிரேம். எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டின்மேல் தண்டவாளங்கள்.

"அக்கா, நீ அள. இந்த ஆளை நம்பமாட்டேன்."

ஃபிட்டரின் மனைவி கோணமானியை எடுத்தாள். செத்தவனும் அவள் தம்பி, மிரட்டுகிறவனும் அவள் தம்பி.

"ஒரு மூலை மோட்டாருக்கு அடியில இருக்குங்க."

"விடு. ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல, இந்தப் பக்கத்து மூணு உள்கோணம் போதும். கூட்டினா முந்நூத்தி அறுபது வரணும்."

"மேல நூத்திப் பதினெட்டு... நடு மூலை நூத்தி இருபது... கீழ நூத்தி இருபத்திரண்டு."

"வந்துடுச்சு. அதனால?" என்றான் மச்சினன்.

ஃபிட்டர் பல்லைக் கடித்தார். "நடு மூலையிலேர்ந்து உள்பக்கமா, மேல் தண்டவாளத்துக்கு இணையா ஒரு கோடு போடு. நூத்திப் பதினெட்டோட சேர்ந்து நூத்தி எண்பது ஆகணும்னா, நடு மூலையில அறுபத்திரண்டு போயிடும். மிச்சம் ஐம்பத்தெட்டு. அதைக் கீழ் மூலையோட கூட்டு. அதுவும் நூத்தி எண்பது. அப்ப கோடு கீழ்த் தண்டவாளத்துக்கும் இணை. ஒரே கோட்டுக்கு ரெண்டும் இணைன்னா, அதுங்களுக்குள்ள எங்கடா கோணல்?"

ரத்தத்தில் முழங்கால் ஊன்றி, அவள் சாக்பீஸால் கோடு போட்டாள். அளந்தாள். எழுந்தாள்.

"இணைதான்டா. அப்ப டிராலி ஏன் கவிழ்ந்துச்சு?"

கவிழ்ந்து கிடந்த டிராலியைப் பார்த்தாள். ஒரு சக்கரம் கழன்று தனியாகக் கிடந்தது. அச்சில் அதைப் பிடித்திருக்க வேண்டிய நட்டு இல்லை.

"காலைல சக்கரம் மாட்டினது யாரு?"

மச்சினன் முகம் வெளுத்தது. மாட்டியது அவன்தான்.

"இல்ல... தண்டவாளம் கோணல். கோணல்தான்!"

முழு பலத்தோடு கைப்பிடியைத் திருகினான். எலும்புகள் நொறுங்கின. ஃபிட்டரின் அலறலில் தகரக் கூரை அதிர்ந்தது.

அக்கா வீசிய பெரிய ஸ்பானர் ஒன்று காற்றைக் கிழித்து வந்து மச்சினன் முழங்கையைப் பிளந்தது. அவன் சுருண்டான்.

"எழுந்தேன்னா, அடுத்தது மண்டை!"

அக்கா வைஸைத் தளர்த்தினாள். "விரலை அசைங்க."

கட்டைவிரல் அசைந்தது. அடுத்ததும். மற்றவை அப்படியே கிடந்தன.