முப்பத்தொன்பதாவது படம்

டிஜிட்டல் எல்லாம் நாலு நாள் கூத்து, ஃபிலிம்தான் நிற்கும் என்று என் வீட்டுக்காரர் சொல்ல ஆரம்பித்துப் பத்து வருடம் ஆகிறது. அதற்குள் எங்கள் குளியலறை இருட்டறையாகிவிட்டது. ஜன்னலில் கறுப்பு அட்டை, என் ஷாம்பு இருந்த தட்டில் படம் கழுவும் மருந்துப் புட்டிகள். தலைக்குக் குளிக்க நான் அவரிடம் நேரம் கேட்க வேண்டும்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பதினொரு வருடம் கழித்து என் தம்பி ஒரே ஒரு நாள் வந்தானே, அன்று இவர் செய்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. அக்கா, நான், தம்பி மூன்று பேரும் பெரியவர்களான பிறகு சேர்ந்து நிற்கிற படம் ஒன்றுகூட என்னிடம் கிடையாது. இவர் வாசலிலேயே அட்டைப்பெட்டியோடு நின்று எல்லோருடைய போனையும் வாங்கிப் போட்டுக்கொண்டார்.

"ஒரே ஒரு படம் போன்ல எடுத்துக்கறேங்க."

"ஒண்ணுன்னு சொல்லி நூறு எடுப்பீங்க. அப்புறம் ஒண்ணையும் பார்க்க மாட்டீங்க. ஃபிலிம்ல எடுத்தாத்தான் மதிப்பு."

நின்றோம், உட்கார்ந்தோம், சிரித்துச் சிரித்து வாய் வலித்தது. ஒரு சுருளுக்கு உண்டான முப்பத்தாறு படம் முடிந்தும் கேமரா லீவர் தள்ளத் தள்ள நகர்ந்தது. முப்பத்தொன்பது! "பாத்தியா, கம்பெனிக்காரன் தாராளமா வச்சிருக்கான்" என்று இவருக்குப் பெருமை வேறு.

தம்பியை விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்ததும் வாளியில் மருந்தைக் கரைத்தார். பிறகு ஃபிலிமைத் திருப்பிச் சுற்றினார். அரைச் சுற்றிலேயே கை நின்றது, இழுவையே இல்லை. திறந்து பார்த்தால், காலையில் செருகிய ஃபிலிம் நுனி பல்சக்கரத்தில் மாட்டாமல் வைத்த இடத்திலேயே கிடக்கிறது. ஒரு படம்கூடப் பதியவில்லை. ஊருக்கே ஃபிலிம் மாட்டச் சொல்லிக்கொடுக்கிற மனுஷன்!

"அவன் திரும்பி வர இன்னொரு பதினோரு வருஷம் நான் உட்கார்ந்திருக்கணுமா?" என்று கத்தித் தீர்த்தேன்.

அப்போது என் போன் முனகியது. தம்பிதான். இரண்டு போன் வைத்திருந்த திருடன், ஒன்றைத்தான் பெட்டியில் போட்டிருக்கிறான். விமானம் ஏறும் முன் ஒரு படம் அனுப்பியிருந்தான். கேமராவுக்குப் பின்னால் ஒரு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு இவர். இவர் மட்டும்.

கீழே எழுதியிருந்தான்: "மாமாவை யாருமே எடுக்கலையேன்னு எடுத்தேன். நம்ம படத்தைக் கழுவினதும் அனுப்புக்கா."

போனை இவர் கையில் திணித்தேன். "நீங்களே பதில் எழுதுங்க."

எழுதத்தான் பார்த்தார். மருந்து ஈரம் காயாத விரலுக்கு அந்தத் திரை மசியவே இல்லை.