நூற்று அறுபத்து மூன்று வீட்டுக்கு ஒரு சாவி

செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குள் சத்தியராஜ் பதினாறு வீடு ஏறி இறங்கியிருந்தான். அருமனைப் பக்கம் வீடு ஏறி இறங்குவது என்றால் சும்மா இல்லை. ரோட்டோரம் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, ரப்பர் மரங்களுக்கு நடுவே மழையில் வழுக்குகிற செம்மண் படிகளில் மேலே போக வேண்டும். ஒரு வீடு மேட்டில் என்றால் அடுத்த வீடு பள்ளத்தில். நாற்பத்தெட்டு வயது, வலது முட்டில் வீக்கம், தோளில் கனத்த பை. சனிக்கிழமைக்குள் நூற்று அறுபத்து மூன்று வீட்டு ரூட்டரையும் தொட்டு, பாஸ்வேர்டு மாற்றி முடிக்க வேண்டும் என்று இன்டர்நெட் கடை முதலாளி முருகதாஸ் உத்தரவு போட்டிருந்தார். சொல்கிறவருக்கு என்ன, நாக்குக்கு முட்டுவலி உண்டா?

பதினேழாவது தங்கபாயின் வீடு. கணவர் காலமாகிவிட்டார். மகன் அனிஷ் மஸ்கட்டில். வீட்டில் அவளும் மருமகள் அஜிஷாவும்தான். முன்னறைச் சுவரில் வாக்குத்தத்த அட்டை கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. வருஷப் பிறப்பு ஆராதனையில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பைபிள் வசனம் என்று சர்ச்சில் குலுக்கி எடுப்பது. அந்த வருஷம் முழுக்க அந்த வீட்டுக்கு அந்த வசனம்தான். சத்தியராஜ் அட்டையின் அடியில் இருந்த வசன எண்ணைப் பார்த்து போனில் தட்டினான். வைஃபை உடனே ஒட்டிக்கொண்டது. இந்த வட்டாரத்தில் பாதி வீட்டுக்கு இதுதான் கதை. ஜனவரி ஒன்றாம் தேதி அட்டையை மாட்டிய கையோடு வைஃபைக்கும் அந்த வசனத்தையே போட்டுவிடுவார்கள். கர்த்தர் காப்பார், மறந்தால் சுவரைப் பார்த்துக்கொள்ளலாம். வருகிறவன் போகிறவனும் அதே சுவரைத்தான் பார்க்கிறான் என்று ஒருத்தருக்கும் தோன்றுவதில்லை.

“அக்கா, வீட்டைப் பூட்டிட்டு தாக்கோல வாசல்லயே தொங்க விடுவியளா?” என்றான்.

“அவகிட்ட சொல்லு மக்கா. எல்லாத்தையும் கெடுத்து வச்சிருக்கது அவதானே,” என்றாள் தங்கபாய். சமையலறைக்குக் கேட்க வேண்டும் என்றே சத்தமாகச் சொன்னாள். “ராவும் பகலும் அந்த பெட்டி முன்னாலதான் இருப்பு. எந்தச் சவத்தை அமுக்கினாளோ, ஆபீஸ்ல பிடிச்சு வெளிய நிறுத்திட்டான். அவளப் பெத்தவன்மார் கிட்ட நான் என்ன சொல்ல? சர்ச்ல ஆளுக்காளு கேக்குதாவ.”

அஜிஷா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். இருபத்தாறு வயது இருக்கும். திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனிக்காக வீட்டிலிருந்தே வேலை. வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் நோயாளிக் குறிப்புகளைப் படித்து அவற்றுக்கு உரிய குறியீட்டு எண் போடுவாள். முகம் இரண்டு நாள் தூங்காத முகம்.

“நான் ஒண்ணையும் அமுக்கல்ல அண்ணா,” என்றாள். “எப்பவும் போல ஆபீஸ் பேஜைத் தொறந்து பாஸ்வேர்டு போட்டேன். அவ்வளவுதான். எனக்க பேருல வேற எங்கயோ இருந்து எவனோ உள்ள நுழைஞ்சிருக்கான். உனக்க கவனக்குறைவுன்னு ஆபீஸ்ல சொல்லுதானுவ. வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள, கோளாறு ரூட்டர்லதான்னு நெட்காரங்க கிட்ட ஒரு லெட்டர் வாங்கிக் குடுத்தா வேலை போவாதுன்னு சொன்னாங்க. தருவியளா அண்ணா?”

சத்தியராஜ் ரூட்டரைக் கையில் எடுத்து, விளக்குகள் எரிவதை முதன்முதலாகப் பார்க்கிறவனாட்டம் பார்த்துக்கொண்டிருந்தான்.

“பாத்துச் சொல்லுதேன் பிள்ளே.”

அவனுக்குப் பார்க்க ஒன்றும் இல்லை. திங்கட்கிழமையே பார்த்தாகிவிட்டது. ஒரு ரூட்டருக்குச் சாவி இரண்டு. வைஃபை பாஸ்வேர்டு வீட்டுக்காரருடையது. ரூட்டருக்குள்ளேயே போய் எதையும் மாற்றக்கூடிய சாவி இன்னொன்று, அது மாட்டிக் கொடுத்தவன் கையில். ஆறு வருஷத்துக்கு முன்னால், வேலைக்குச் சேர்ந்த புதிதில், அந்த இரண்டாவது சாவியாக ஊர்ப் பெயரையும், அந்த வருஷம் தனக்கு விழுந்த வசனத்தின் எண்ணையும் சேர்த்துப் போட்டான். காவலைப் பற்றிய வசனம். பொருத்தம்தானே என்று அப்போது பட்டது. முதல் வீட்டுக்குப் போட்டதையே இரண்டாவது வீட்டுக்கும் போட்டான். அப்படியே நூற்று அறுபத்து மூன்று வீட்டுக்கும். போதாததற்கு, சின்னச் சின்னக் கோளாறுக்கெல்லாம் மேடேறிச் சாக வேண்டாமே என்று, கடையில் இருந்தபடியே உள்ளே போய்ச் சரிசெய்ய எல்லா ரூட்டரிலும் வெளிவழி ஒன்றையும் திறந்து வைத்திருந்தான். நோகாமல் நோன்பு கும்பிடுகிற புத்தி.

அந்த வழியாகத்தான் எவனோ வந்திருக்கிறான். எத்தனையோ ஊர் ரூட்டரைத் தட்டிப் பார்த்த கை இவன் சாவியையும் எப்படியோ கண்டுபிடித்துவிட்டது. ஒன்று திறந்தது, எல்லாம் திறந்தது. சரியான முகவரியைத் தட்டினாலும், பார்த்தால் அச்சு அசல் அதேபோல் இருக்கிற கள்ளப் பக்கத்துக்குக் கொண்டு போகிற மாதிரி உள்ளே மாற்றிவைத்துவிட்டுப் போய்விட்டான். அஜிஷா அந்தக் கள்ளப் பக்கத்தில்தான் பாஸ்வேர்டைப் போட்டிருக்கிறாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். வாசலில் சாவி தொங்குகிறது என்று தங்கபாய்க்கு உபதேசம் வேறு செய்தானே, அதை நினைத்தால் அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

அன்றைக்கு அஜிஷாவிடம் வேறு பாஸ்வேர்டு போடச் சொல்லி, அவள் தட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு கட்டன் சாயாகூடக் குடிக்காமல் இறங்கிப் போனான்.

சாயங்காலம் முருகதாஸிடம் கேட்டான். “மொதலாளி, அந்தப் பிள்ளைக்கு ஒரு லெட்டர் குடுக்கலாமா? தப்பு நம்ம பேருலதானே.”

“நம்ம பேருலயா? உம்ம பேருல ஓய்,” என்றார் முருகதாஸ். சத்தம் போடவில்லை, அவரும் மூன்று நாளாகப் போனில் பதில் சொல்லி ஓய்ந்து போயிருந்தார். “ஒருத்திக்கு எழுதிக் குடுத்தா நூத்தி அறுவத்தி மூணு பேரும் வந்து வாசல்ல நிப்பான். பெறகு உமக்க வேலையும் இல்ல, எனக்க கடையும் இல்ல. வீட்டுக்காரன் என்னத்தையோ அமுக்கினான், வைரஸ் ஏறிட்டுன்னு சொல்லும். இந்த வயசுல உமக்கு வேற எவன் வேலை வச்சிருக்கான்?”

மகள் பிளஸ் டூ. மனைவி ஷிஜிக்குத் தையலில் வருவது கறி புளிக்குப் போதும். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

புதன்கிழமை அஜிஷா கூப்பிட்டாள். “நாளைக்குத் தாறேன் பிள்ளே,” என்றான். வியாழக்கிழமை இரண்டு தரம் கூப்பிட்டாள். இரண்டு தரமும் போன் பாக்கெட்டிலேயே அடித்து ஓய்ந்தது. அவன் ஏதோ ஒரு வீட்டு முன்னறையில், ஏதோ ஒரு வசனத்துக்கு அடியில் குத்தவைத்து உட்கார்ந்து சாவி மாற்றிக்கொண்டிருந்தான். “என்னவாம் மக்கா கேடு?” என்று வீட்டுக்கு வீடு கேட்டார்கள். “யாரோ என்னத்தையோ அமுக்கியிருப்பாங்க,” என்றான். முதல் பத்து வீட்டில் ரூட்டரைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னான். முப்பது வீட்டுக்குப் பிறகு தண்ணீர் பட்ட பாடாக வந்தது.

வெள்ளிக்கிழமை அவள் கூப்பிடவே இல்லை. அப்பாடா என்றிருந்தது. இதற்கு அப்பாடா என்று இருக்கிறதே, நானும் ஒரு மனுஷனா என்றும் இருந்தது.

அன்று இரவு மரச்சீனிக் கிழங்கும் மீனும் தட்டில் ஆறிப்போனது. ஷிஜி எதிரே உட்கார்ந்திருந்தாள். அவனே எல்லாவற்றையும் சொன்னான்.

“அஞ்சு மணி கழிஞ்சாச்சே,” என்றாள் அவள்.

“ஒரு நாள் பொறுக்க மாட்டானுவளா?”

“அது எனக்குத் தெரியாது. ஆனா ஞாயிற்றுக்கிழமை நீங்க பாடகர் குழுவுல நிப்பிய. அவ மூணாவது பெஞ்சுல இருப்பா. அவ மொகத்தைப் பாத்து எப்படிப் பாடுவிய?”

சத்தியராஜ் மகளின் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து எழுதினான். எல்லா ரூட்டருக்கும் ஒரே சாவி போட்டவன் நான்தான், வெளிவழியைத் திறந்து வைத்தவனும் நான்தான், இந்தப் பெண்ணின் பேரில் குற்றமில்லை. கீழே பெயர், கையெழுத்து, போன் எண். கடை முத்திரை இல்லை. எழுதி முடித்ததும் வேலை போனால் போகட்டும் என்று ஒரு தைரியம் வந்தது. கண் கெட்ட பிறகு வருகிற தைரியம்.

சனிக்கிழமை காலையில் முதல் வேலையாக அந்தப் படிகளில் ஏறினான். முன்னறை மூலையில் அஜிஷாவின் மேஜை இருந்தது. மேஜைமேல் லேப்டாப் இல்லை; துவைத்து மடித்த துணி அடுக்கியிருந்தது. அவள் தாளை வாங்கி நின்றபடியே கடைசி வரி வரை படித்தாள்.

“நேத்து காலைல நானே எழுதிக் குடுத்துட்டேன் அண்ணா,” என்றாள். “ஒரு லிங்கை அமுக்கிட்டேன், எனக்க கவனக்குறைவுதான்னு. ஒத்துக்கிட்டா மன்னிச்சு விடுவாங்கன்னு மஸ்கட்ல இருந்து அவரு போன்ல சொன்னாரு. மாமியும் சொன்னாவ. சாயங்காலம் மெயில் வந்துட்டு, வேலை இல்லன்னு. லேப்டாப்பை இப்பத்தான் கூரியர்காரன் வந்து எடுத்துட்டுப் போனான்.”

“நீ அமுக்கவே இல்லியே பிள்ளே!”

“இல்லதான். ஆனா நீங்க போனை எடுக்கல்லியே. அப்போ நான்தான் என்னத்தையோ செஞ்சிருப்பேன்னு எனக்கே தோணிட்டு.”

அவள் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பான். மழை வருகிறது என்று சொல்வது போலச் சொன்னாள். பின்கட்டிலிருந்து தேங்காயும் கையுமாக வந்த தங்கபாயைப் பார்த்து சத்தியராஜ் சத்தமாகவே சொன்னான்.

“அக்கா, அவ ஒண்ணும் செய்யல்ல. எல்லாம் நான் செஞ்ச வேலை. சாவி போட்டது நான். தொறந்து வச்சது நான். திங்கக்கிழமை நானே திருவனந்தபுரத்துக்குப் போய் அவங்ககிட்ட சொல்லுதேன்.”

தங்கபாய் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் கண் மெல்லக் கலங்கியது.

“உனக்கு எளகுன மனசு மக்கா. கர்த்தர் உன்னை நல்லா வைப்பாரு,” என்றாள். “ஆனா ஒருத்தியைக் காப்பாத்த நீ எதுக்குப் பழி ஏக்கணும்? அவளே கைப்பட எழுதிக் குடுத்திருக்கா. செய்யாதவ எழுதிக் குடுப்பாளா?”

“அக்கா, சத்தியமாச் சொல்லுதேன்...”

“போதும் மக்கா. நீ இரு, சாயா குடிச்சிட்டுப் போ.” தேங்காயோடு சமையலறைக்குள் போய்விட்டாள்.

சத்தியராஜ் அஜிஷாவைப் பார்த்தான். அவள் கடிதத்தை நாலாக மடித்து, அவன் சட்டைப் பாக்கெட்டிலேயே வைத்தாள்.

“கொண்டு போங்க அண்ணா. இதைக் காட்டுனா எனக்கு வேலை வராது. உங்களுக்குத்தான் போவும்.”

அவன் படியிறங்கினான். இன்னும் பதினொரு வீடு பாக்கி இருந்தது.