சவேனிக் கிணற்றின் மூன்றாவது உறை

அந்த ஞாயிற்றுக்கிழமை சவேனியில் ராமசாமி வீட்டில் நான்கு பேர் இருந்தார்கள். ஜன்னலை ஒட்டிய நாற்காலியில் நார்மன், வலக்காது மேசைப் பக்கம் இருக்கும்படி திரும்பி உட்கார்ந்திருந்தான். செப்டம்பரில் ராணுவ முகாமில் இரண்டு நாள் வைத்து அனுப்பிய பிறகு அவனுக்கு இடக்காது கேட்பதில்லை. அவனுக்கு எதிரே பக்கத்து நிலத்துக்காரன் விரேந்திரா. வாசலைப் பார்த்தபடி, கிணற்றுக் கமிட்டிக் காரியதரிசி ராமசாமி. அவர் முன்னால் கமிட்டி நோட்டு, சபேட்டோவிலிருந்து ராஜன் போட்ட கடிதம், எழுதாத தாள். அடுப்படி வாசலில் ஸ்டூல் போட்டு அவர் மனைவி சுஷீலா.

எண்பத்தேழாம் வருஷம், நவம்பர். தீவில் ராணுவம் இரண்டாம் தடவையும் ஆட்சியைப் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை யாரும் வேலை செய்யக்கூடாது என்று சட்டம் போட்டிருந்தது. கிணற்றடியில் பம்புகள் சத்தமில்லாமல் கிடந்தன. ஆறு வீட்டாரும் கையெழுத்துப் போட்ட கட்டுப்பாட்டுக்கு நிற்காத பம்பு, துப்பாக்கி பிடித்தவன் சொன்னதும் நின்றுவிட்டதே என்று ராமசாமிக்குக் கசந்தது.

கட்டுப்பாடு ஒன்றும் பெரிய சூத்திரமில்லை. கடலோர மண். அடியில் உப்புத் தண்ணீர் நிற்கிறது. அதன்மேல் மழை கொடுத்த நல்ல தண்ணீர் பாலாடை மாதிரி மிதக்கிறது. மழை கொடுக்கிற அளவுக்கே எடுத்தால் பேரப்பிள்ளைகளும் குடிக்கலாம். மிஞ்சி இழுத்தால் உப்பு மேலே ஏறிவிடும். ஆகவே வீட்டுக்கு ஒரு மணி நேரம். தண்ணீர் மேலிருந்து மூன்றாவது சிமெண்ட் உறைக்குக் கீழே இறங்கினால் எல்லாப் பம்பும் நிற்க வேண்டும். பதினொரு வருஷம் அப்படித்தான் நின்றன.

மே மாதம் முதல் தடவை ஆட்சி கவிழ்ந்தது, மழையும் பொய்த்தது. கனடாவிலும் நியூசிலாந்திலும் குடியேற எழுதிப் போட்டவர்கள் கடைசி விளைச்சலாகத் தர்பூசணி போட்டு, விடிந்ததிலிருந்து இருட்டும்வரை இறைத்தார்கள். நாம் விட்டால் அவன் எடுத்துவிடுவான் என்று இருப்பவர்களும் இறைத்தார்கள். ராமசாமி மாதாமாதம் அளந்து நோட்டில் எழுதினார். யாருடைய பம்பையும் நிறுத்தவில்லை. தன் கத்திரித் தோட்டத்துக்கும் இறைத்துக்கொண்டார்.

ராஜனுக்குக் குத்தகை முடிந்துவிட்டது. நிலத்துச் சொந்தக்காரர்கள் வீட்டைப் பிரித்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள். நார்மனின் நிலத்தை வாங்க நினைக்கிறான். கடிதத்தில் எழுதியிருந்தான்: ‘பிப்ரவரியில் வந்து பார்த்தேன். இப்போது வழியில் கெடுபிடி. கிணறு எப்படி என்று நீங்கள் எழுதினால் போதும். பள்ளிக்கூடத்தில் உங்களோடு படித்த என் அப்பா, நீங்கள் எழுதினால் சரியாக இருக்கும் என்கிறார். என் மனைவி வந்தனா மூன்றாவது குழந்தை உண்டாகியிருக்கிறாள்.’

“கெணறு நல்லா இருக்குன்னு ஒரு வரி எழுதுங்கண்ணே,” என்றான் நார்மன். “ஜனவரியோட விசா செத்துப்போவும். நெலம் விக்காம நான் எத வச்சு ப்ளேன் ஏறுறது?”

“ஒரு வரிதான். அது பொய் வரியாச்சே.”

விரேந்திரா சிரித்தான். “அரே பாய், ராணுவம் தெனம் ரேடியோவுல எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லுது. உன்ன மட்டும் யாரு கோர்ட்டுக் கூண்டுல ஏத்துனது? மழ வந்தாச் சரியாப் போவும்.”

“மழையும் வரணும், நாலஞ்சு வருஷம் ஒருத்தரும் தொடாமலும் இருக்கணும். நீ தொடாம இருப்பியா?”

விரேந்திரா கூரையைப் பார்த்தான்.

சுஷீலா மூன்று கோப்பை டீ கொண்டுவந்து வைத்தாள். நார்மன் ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையை மெதுவாக நகர்த்தினான்.

“பால் திரிஞ்சுபோச்சு, அதான் வெறும் டீ. மழைத்தொட்டி புதன்கிழமையே காலி,” என்றாள் அவள். “இது நம்ப கெணத்துத் தண்ணி. ரெண்டு மணி நேரம் அடுப்புல கெடந்தும் பருப்பு கல்லாட்டம் இருக்குது. நல்ல தண்ணின்னு எழுதச் சொல்றவங்க முழுசாக் குடிங்க, பார்ப்போம்.”

“அண்ணி, இதுக்குச் சர்க்கர எதுக்கு? ஊறுகா குடு,” என்றான் விரேந்திரா.

நார்மன் ராமசாமியின் கையைப் பிடித்தான். “ஒரு காத இங்கயே விட்டாச்சுண்ணே. மிச்சம் இருக்கறதயாவது கொண்டுபோவ விடுங்க.”

ராமசாமி கையை விடுவித்துக்கொண்டு நோட்டைத் திறந்தார். தாளின் மேலே ஊரும் தேதியும் போட்டார். அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினார்.

“படிங்க,” என்றாள் சுஷீலா.

படித்தார். “அன்புள்ள ராஜனுக்கு. கமிட்டி நோட்டில் உள்ளபடி எழுதுகிறேன். ஜனவரி, முதல் உறை, சுவை நல்லது. பிப்ரவரி, முதல் உறை, சுவை நல்லது. மார்ச், இரண்டாவது உறை, சுவை நல்லது. ஏப்ரல், இரண்டாவது உறை, சுவை நல்லது. கிணற்றுக்குக் கமிட்டி வைத்து, கட்டுப்பாடு எழுதிப் பதினொரு வருஷம் ஆகிறது. இப்படிக்கு, ராமசாமி.”

“அதுக்கப்புறம் ஏழு மாசம் இருக்குதே?”

“எழுதினது அத்தனையும் நெசம்.”

“நான் எழுதாததக் கேக்கறேன்.”

அடுத்த பக்கத்தில் அவர் கையெழுத்திலேயே இருந்தது: மே, லேசாகக் கரிக்கிறது. ஆகஸ்ட், மூன்றாவது உறைக்குக் கீழே. அக்டோபர், குடிக்க ஆகாது. அவர் நோட்டை மூடினார்.

“அந்தப் பொண்ணு வயித்துல புள்ளயோட வருவா,” என்றாள் சுஷீலா. “நம்ம வாசல்லதான் வந்து குடத்தோட நிப்பா. அப்ப நீங்க போய்க் கதவத் தெறங்க.”

நார்மன் தலையைத் தூக்கவில்லை. அவள் சொன்னது அவனுக்குக் கேட்டதா என்று ராமசாமிக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை விடிவதற்குள் பம்புகள் கிளம்பிவிட்டன. ராமசாமி கடிதத்தை மூன்றாக மடித்து உறையில் போட்டார், விளிம்பை ஈரமாக்கி ஒட்டினார், கட்டைவிரலால் ஓரம் முழுக்க அழுத்தினார். லவுட்டோக்கா டவுனுக்குப் போகும் பஸ் வந்ததும் டிரைவரிடம் நீட்டி, “தபாலாபீஸ்ல போட்டுடு,” என்றார். டிரைவர் அதைக் கண்ணாடிக்குக் கீழே செருகிக்கொண்டு பஸ்ஸை எடுத்தான்.