செலீன் குறைத்த வேகம்

பேஸ்போல் மைதானத்தில் டெனிஸ்டன் ஏன் முன்னைப்போல அடிக்கிறானில்லை என்பதற்கு இந்தக் கோடை முழுக்க மோர்னிங்சைட்டில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். தகப்பன் இக்னேசியஸுக்குச் சந்தேகமே இல்லை, கண்ணூறுதான். கோயில் மலரின் அட்டையில் மகனின் படத்தை அவ்வளவு பெரிதாகப் போடச்சொல்லி யார் கேட்டது என்று பொரிந்து தள்ளினார். கேட்டவர் அவரேதான், அதை யாரும் ஞாபகப்படுத்தவில்லை. யோகமலர் அன்ரி, அவன் இறைச்சியை விட்டுச் சலாட் தின்னத் தொடங்கியதுதான் வினை என்றார். பேஸ்போலுக்கும் கிரிக்கெட்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் வருடக்கணக்காக மைதானத்தின் ஓரத்தில் நின்று "சிக்ஸ் அடியடா!" என்று கத்தும் மகேஸ்வரன் அங்கிள்கூட இப்போது வாயைத் திறப்பதில்லை.

ஒரு காலத்தில் ஸ்காபரோவில் அவனைப்போல அடித்தவன் இல்லை. இருபது வயதில் அமெரிக்காவில் ஒரு சின்னக் குழு சம்பளம் கொடுத்தே அவனை விளையாட வைத்தது. திரும்பி வந்து எலெக்ட்ரீசியனான பிறகும் சனி, ஞாயிறில் மைதானத்துக்கு அவன்தான் ராசா. நான்காவதாக மட்டையோடு இறங்குகிறவன்தான் அணியின் பெரிய கை. அந்த இடத்தை அவன் யாருக்கும் விட்டதில்லை. இப்போது வயது முப்பத்தாறு.

வீட்டில் அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. குசினியில் அகப்பையை எடுத்தால் அதையும் ஒருமுறை வீசிப் பார்த்தான். மட்டையை மாற்றினான், நிற்கும் விதத்தை மாற்றினான், பிறகு பழையபடி நின்றான். கண் டொக்டரிடம் போனான், பார்வையில் ஒரு பழுதும் இல்லை. சாப்பாட்டுக்கு நடுவில் எழும்பிப் போய் பழைய வீடியோக்களை ஓடவிட்டான்.

"எனக்கு விளங்கேல்லை, செலீன்," என்று மனைவியிடம் புலம்புவான். "பயிற்சியிலை ஒண்டும் தவறேல்லை. மட்சிலை மட்டும் ஏன் பிந்துது? என்ரை மண்டையிலைதான் ஏதோ பிழை."

செலீனுக்குக் காரணம் தெரியும். அவளுக்கு மட்டும்தான் தெரியும். அதுதான் அவளைத் தின்றுகொண்டிருந்தது.

வெக்ஸ்போர்ட்டில் ஒரு பழைய களஞ்சியத்துக்குள் வலை கட்டி, பந்து எறியும் மெஷின் வைத்து மணித்தியாலக் கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள். மற்றவர்கள் படத்துக்குப் போய்க் காதலித்தார்கள், இவர்கள் அங்கே போய்க் காதலித்தார்கள். அவள் மெஷினுக்குப் பின்னால் நின்று பந்தைப் போடுவாள், அவன் அடிப்பான். கலியாணத்துக்குப் பிறகும் அது நிற்கவில்லை. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டயல் அவளுடைய பக்கத்தில் இருந்தது. அவன் நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால் தெரியாது.

சித்திரையில் ஒருநாள் அவன் பந்துக்குமேல் பந்தாகத் தவறவிட்டான். வீட்டுக்கு வந்தும் காரைவிட்டு இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தான். சாப்பிடவும் இல்லை. அடுத்தமுறை செலீன் டயலைக் கொஞ்சம் குறைத்தாள். பந்து மட்டையில் நல்லாகப் பட்டது, அவன் சிரித்தான். அந்தச் சிரிப்புக்காக அவள் இன்னும் கொஞ்சம் குறைத்தாள்.

அவள் வளர்ந்த வீட்டு வழக்கம் அப்படி. கெட்ட செய்தியை அங்கே யாரும் நேரத்துக்குச் சொன்னதில்லை. அவளுடைய பள்ளிக்கூடக் கடைசிச் சோதனை நேரம் மன்னாரில் நோயாய்க் கிடந்த சின்ன மாமா செத்துப்போனார். பிள்ளை குழம்பிப்போவாள் என்று தாய் மறைத்துவிட்டாள். சோதனை முடியுமட்டும் செலீன் செத்த மனிசனின் சுகத்துக்காகச் செபமாலை சொன்னாள். தெரிந்தபோது தாயோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அப்படிப்பட்டவளே தன்முறை வந்தபோது அதையே செய்தாள், அதற்கு அன்பு என்று பேரும் வைத்தாள்.

டெனிஸ்டனின் கை முதலில் ஒரு துளிதான் மெதுவாகியிருந்தது. அது வயது செய்கிற வேலை. தெரிந்திருந்தால் அதற்கேற்றபடி பழகியிருப்பான். செலீனின் மெதுவான பந்துக்குப் பழகிய கை மட்சில் இன்னும் பிந்தியது. பிந்துகிறதே என்ற பயத்தில் பந்து வருமுன்பே ஊகித்து மட்டையை வீசத் தொடங்கினான். எறிகிறவர்கள் விடுவார்களா? வெளியே விலகிப் போகிற பந்தாகப் போட்டு அவனை ஏமாற்றினார்கள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மரியோ டெனிஸ்டனுக்குப் போன் எடுத்தான். அணியின் மனேஜர், சின்ன வயதில் டெனிஸ்டனோடு கோயிலில் பூசைக்கு உதவிய கூட்டாளி. ஞாயிற்றுக்கிழமை இறுதிப்போட்டியில் நான்காவது இடத்தை இன்னொருவனுக்குக் கொடுக்கப்போவதாகச் சொன்னான்.

"இண்டைக்கு வெக்ஸ்போர்ட்டுக்கு வா," என்றான் டெனிஸ்டன். "எழுபத்தைஞ்சு மைல் வேகத்திலை வாற பந்தை நான் எப்பிடி அடிக்கிறன் எண்டு பார். பாத்திட்டுப் பிறகு சொல்லு."

பக்கத்தில் நின்ற செலீன் கணக்குப் பார்த்தாள். டயலைக் குறைத்து வைத்தால் மரியோ ஒரே பார்வையில் பிடித்துவிடுவான். கூட்டி வைத்தால் டெனிஸ்டன் கூட்டாளிக்கு முன்னால் நாறிப்போவான். போகிற வழியில் லோரன்ஸ் வீதியின் ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் டெனிஸ்டன் ஸ்டியரிங்கில் தாளம் போட்டான். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் அவள் வாயைத் திறந்து மூடினாள்.

அவன் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு வலைக்குள் போன பிறகுதான் அவளுக்கு வாய் வந்தது.

"டெனி, நான் போட்டது எழுபத்தைஞ்சு இல்லை."

"எது?"

"சித்திரையிலை இருந்து குறைச்சுத்தான் போட்டனான். இப்ப அறுபத்திரண்டு."

பகிடி என்று நினைத்து அவன் முதலில் சிரித்தான். பிறகு மெஷினைச் சுற்றி வந்து டயலைப் பார்த்தான்.

"போன கிழமை ஒண்டும் தவறாமல் அடிச்சனே, அதுவுமோ?"

"ஓம்."

"மண்டை பிழையெண்டு நான் நாளும் பொழுதும் சொல்லேக்கை, நீர் கேட்டுக்கொண்டு இருந்தனீர்?"

"நீங்கள் சாப்பிடாமல் கிடந்தீங்கள். என்னாலை பாக்கேலாமல் போச்சு."

"மரியோ என்னை நம்பேல்லை, சரி," என்றான் அவன். "நீருமோ?"

அடித்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு நொந்திருக்காது. தன் புருசனால் ஒரு தோல்வியைத் தாங்கமுடியாது என்று தானே தீர்ப்புச் சொல்லிவிட்டதை அப்போதுதான் உணர்ந்தாள். வெட்கத்தில் முகம் எரிந்தது.

கதவு திறந்தது. "என்ன, இன்னும் துவங்கேல்லையோ?" என்றபடி மரியோ உள்ளே வந்தான்.

டெனிக்கு முழங்கால் நோகிறது, இன்றைக்கு வேண்டாம். அந்தப் பொய் கேட்காமலே அவளுடைய நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அவள் தொடங்குமுன் டெனிஸ்டன் வலைக்குள் போய் மட்டையைத் தூக்கினான்.

"செலீன், எழுபத்தைஞ்சிலை வையும்."

வைத்தாள். முதல் பந்து அவன் மட்டையை அசைக்குமுன்பே பின்வலையில் போய் அடித்தது. அடுத்ததும் அப்படித்தான். அதற்கடுத்தது மட்டையின் விளிம்பில் உரசிக் கூரைக்குப் போனது. பிறகு மட்டையில் பட்டது வெறும் காற்று. மரியோ பாவப்பட்டு, ஏதோ மெசேஜ் வந்ததுபோல போனை எடுத்துப் பார்க்கத் தொடங்கினான்.

செலீனின் கை தன்பாட்டில் டயலுக்குப் போனது. கையை இழுத்தெடுத்து இன்னொரு பந்தைத் தூக்கினாள். கண்ணை மட்டும் தூக்க முடியவில்லை, பந்து வாளியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"செலீன்," என்றான் அவன்.

"என்ன?"

"பாக்கிறீரோ?"

அவள் தலையை நிமிர்த்தினாள். அவன் வியர்த்து ஒழுக, மட்டையைத் தோளுக்கு மேலே பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"பாக்கிறன்."

"சரி. அடுத்ததைப் போடும்."