லைலா ஏன் நான்கோடு நிறுத்தியது

1

இந்தக் கதை ஒரு தொலைபேசி அழைப்பில் தொடங்கியது. சிறப்பிதழ் தயாரிக்கும் ஹேமலதா, "சர்க்கஸ்ல நாயெல்லாம் என்னா அழகா வித்தை காட்டும். அதப் பத்தி நெகிழ்ச்சியா ஒண்ணு குடுங்க சார்" என்றார். கூடாரத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள்தான் இன்று சர்க்கஸை நினைத்து உருகுகிறார்கள். நானும் சரி என்றேன். பெயர் அச்சில் வரும் என்றால் நான் எதற்கும் சரி என்பேன்.

முதல் தொடக்கம்: "பந்தின் மேல் நின்று உருட்டிய வெள்ளை நாய்கள், பாவாடை கட்டி இரண்டு காலில் ஆடிய குட்டை நாய்கள், பொம்மை வீட்டில் தீயணைத்த நாய்கள், இவையெல்லாம் எங்கள் இளமையின்..."

(விட்டுவிட்டேன். 'எங்கள் இளமையின்' என்று தொடங்கிய வாக்கியம் எதையும் நான் முழுதாகப் படித்ததில்லை.)

2

இரண்டாம் தொடக்கம். 1991, புதுச்சேரி உப்பளத்தில் கூடாரம். லைலா என்றொரு நாய். பார்க்க வந்தவர்களில் ஒருவர் எண்ணில் விடை வரும் கேள்வி கேட்க வேண்டும். லைலா அத்தனை முறை குரைக்கும். ஐந்தும் இரண்டும் எத்தனை, மாட்டுக்குக் கால் எத்தனை, எல்லாவற்றுக்கும் சரியாகவே குரைத்தது.

அப்போது முன்வரிசையில் ஒருவன் எழுந்தான். வயது இருபத்து நான்கு, சரித்திரத்தில் பட்டம், சட்டைப் பையில் இரண்டு பேனா. [இந்தப் பாத்திரம் எனக்குப் பிடிக்கவில்லை. அடித்துவிடப் பார்த்தேன். இவன் இல்லாமல் கதை நகரவில்லை.]

"இந்தியாவுல பிரெஞ்சுக்காரன் கையில எத்தன ஊரு இருந்துச்சு?"

லைலா நான்கு முறை குரைத்து நிறுத்தியது. கைதட்டினார்கள். புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம். இந்த நான்கும் இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். பின்வரிசையிலிருந்து ஒரு சொல்தா* எழுந்து, "அஞ்சு, முசே. வங்காளத்துல இருக்குற சந்திரநாகூர் யாருது?" என்றார். கூடாரமே நாயைப் பார்த்துச் சிரித்தது. கேள்வி கேட்டவனும் சிரித்தான், எல்லோரையும்விடச் சத்தமாக.

(* பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். 'முசே' என்றால் ஐயா. ஊரில் யாரையும் திருத்தும் உரிமை பென்ஷனோடு சேர்த்தே கொடுக்கப்பட்டிருந்தது.)

இரண்டு நாளில் உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றில் 'சரித்திரம் தெரியாத நாய்' என்று ஒரு கட்டுரை, புனைபெயரில். "விடை ஐந்து என்று தெரிந்தேதான் கேட்டேன். பித்தலாட்டத்தின் சாயம் வெளுத்துவிட்டது." ஊர் படித்துச் சிரித்தது. அவன் எழுத்தாளன் ஆனான்.

(ஆமாம், நான்தான். 'அவன்' என்று எழுதினால் கொஞ்சம் கௌரவமாக இருக்கிறது. சந்திரநாகூர் அன்று எனக்குச் சுத்தமாக நினைவில்லை. என் மனதில் இருந்ததும் நான்குதான்.)

3

தகவல் சேகரிக்க ஹேமலதா ஒரு முகவரி கொடுத்தார். முல்லா வீதியில் அந்த வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் கரீம் பாய், லைலாவைப் பழக்கியவர். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அவர் மனைவி அக்தர் பேகம் டீ கொடுத்தார்.

"மத்தவங்க விரலச் சொடுக்கி நாய நிறுத்துவாங்க சார். நான் அப்படிப் பழக்கல. கேள்வி கேட்டவங்களத்தான் அது பாக்கும். விடை வந்ததும் அவங்க தோளு லேசா எறங்கும். அதோட நிறுத்திடும்."

"அப்ப அதுக்குக் கணக்குத் தெரியாதா?"

"கேக்குறவங்களுக்குத் தெரிஞ்சா போதாதா?"

பிறகு அவராகவே அந்த நாளுக்கு வந்தார். "கேட்டவன் மனசுல நாலுதான் இருந்திருக்கணும்னு மொதல்ல நெனச்சேன். அஞ்சுன்னு தெரிஞ்சுதான் கேட்டேன்னு அவனே பேப்பர்ல எழுதிட்டான். படிச்சவன், பொய்யா எழுதப்போறான்? லைலாதான் என் மானத்த வாங்கிடுச்சுன்னு பெல்ட்ட கழட்டி அடிச்சிட்டேன். அதுவரைக்கும் அதும்மேல கை ஓங்கினதில்ல."

"அப்புறம்?"

"அப்புறம் யாரு கேட்டாலும் அது குரைக்கல. கம்பெனி கெளம்பறப்ப தவளக்குப்பத்துல ஒரு லாரி செட்ல விட்டுட்டுப் போயிட்டோம்."

அவரே தொடர்ந்தார்: "அவன் எங்கனா இருந்தா ஒண்ணே ஒண்ணு கேக்கணும் சார். அன்னிக்கி உன் மனசுல இருந்தது நாலா, அஞ்சா? திட்டல்லாம் மாட்டேன்."

நான் செருப்பை மாட்டிக்கொண்டேன். வாசல் வரை வந்த அக்தர் பேகம் குரலைத் தாழ்த்தினார். "அந்த ஆளு யாருன்னு தெரிஞ்சா, அஞ்சுன்னே சொல்லச் சொல்லுங்க. நாலுன்னு கேட்டா, ஒரு தப்பும் செய்யாத சீவன அடிச்சிட்டோமேன்னு இந்த மனுசன் தாங்க மாட்டாரு."

4

முடிவுகள்.

அ) திரும்பிப் போய்ப் பாயின் காலில் விழுகிறேன். (நாடகம். அவருக்கும் பிடிக்காது, என் முழங்காலுக்கும் ஆகாது.)

ஆ) பாய் முதலிலேயே என்னைக் கண்டுகொண்டு மன்னித்துவிட்டார். (தப்புச் செய்தவனே கதை எழுதினால் மன்னிப்புக்கு ஒருபோதும் தட்டுப்பாடு வராது.)

இ) நான் மறுபடி போவதற்குள் பாய் இறந்துவிடுகிறார். (இதை எழுதியபோது நிம்மதியாக இருந்தது. வெட்கமாக இருந்தது. கிழித்துப் போட்டேன்.)

ஈ) அந்தம்மா சொன்னபடி, 'ஐந்து' என்று ஒரு கடிதம்... (இதற்கு இரக்கம் என்று பெயர் வைத்துப் பார்த்தேன். முப்பத்து நான்கு வருடத்துக்கு முன் அச்சான அதே பொய்தான், தபால்தலை மட்டும் புதிது.)

மூன்று முறை முல்லா வீதி முனைவரை போய்த் திரும்பிவிட்டேன். எனக்குத் துணிச்சல் இல்லை. இதை உத்தி என்று யாராவது பாராட்டினால் அவருக்கு விவரம் போதாது.

ஆகவே நீங்கள் போங்கள். பச்சைக் கேட் போட்ட வீடு. சாயங்கால அஸர் தொழுகை முடித்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். கேள்வி கேட்டவனைத் தெரியும் என்று சொல்லுங்கள், அதற்குமேல் அவரே கேட்பார். நான்கு என்றால் லைலா தப்பித்துக்கொள்ளும், பாய் மாட்டிக்கொள்வார். ஐந்து என்றால் பாய் இப்போது இருப்பதுபோலவே இருப்பார். உள்ளே அக்தர் பேகம் கேட்டுக்கொண்டிருப்பார் என்பதையும் மறக்க வேண்டாம்.

நிதானமாக யோசியுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். பாய்க்கு எழுபத்தொன்பது வயது.