செத்த பந்துக்கு யாரும் அவுட் இல்ல

சலவைக் கம்பெனியில இஸ்திரி போடுறவளுக்கு ஞாயித்துக்கிழமை பேஸ்பால்னா உசுரு. வாரம் பூரா ஆவியில வேகுறவளுக்கு அந்த ரெண்டு மணி நேரந்தான் காத்து. ஆனா டீமுக்குக் கேப்டன் யாரு? அவ நாத்தனார். "அண்ணி, இன்னிக்கும் சொதப்புனீங்கன்னா அடுத்த வாரத்துலேர்ந்து தண்ணி பாட்டில் தூக்க மட்டும் வாங்க"ன்னு மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டா.

எதிர்ல பேக்கரிக்காரங்க. கடைசி வாய்ப்பு. ஒரு ரன் வந்தா ஜெயிச்சாச்சு, ஒரு அவுட் விழுந்தா போச்சு. இவ ரெண்டாவது பேஸ்ல, தரையில போட்ட சின்ன மெத்தை மேல நிக்கிறா; அதை விட்டு எறங்கியிருக்கும்போது பந்தால தொட்டா அவுட்டு. துணி மடிக்கிறவ மட்டையைச் சுழட்டினதும் இவ விழுந்தடிச்சு ஓடினா. பந்து கோட்டைத் தாண்டி வெளிய விழுந்துச்சு. அம்பயர் ரெண்டு கையையும் மேல தூக்கிட்டார், ஃபவுல்னு.

அங்கதான் வந்துச்சு வினை. சலவைக் கம்பெனியில சூப்பர்வைசர் ரெண்டு கையைத் தூக்கினா, ஆவியை மூடு, மேஜையை விட்டுக் கிளம்புன்னு அர்த்தம். பதினோரு வருஷப் பழக்கம் விடுமா? தொப்பியைக் கழட்டிக்கிட்டு பெஞ்சைப் பாக்க நடந்துட்டா மகராசி!

பேக்கரி அடுப்புக்காரி பந்தோட ஓடி வந்து இவ முதுகுல வச்சா. "அவுட்டு!"

"அய்யோ அண்ணி!" நாத்தனார் தலையில அடிச்சுக்கிட்டா.

அம்பயர் வாரநாள்ல பஸ் ஓட்டுறவர். எதுக்கும் பதற மாட்டார். "யம்மா, செத்த பாம்பை ஏன் அடிக்கிற? ஃபவுல் ஆனதுமே பந்து செத்துப்போச்சு. அதை வச்சு யாரையும் அவுட்டாக்க முடியாது"ன்னார். அப்புறம் இவ பக்கம் திரும்பி, "உங்க பேஸுக்குத் திரும்பிப் போய்த் தொடுங்கம்மா. தொடுற வரைக்கும் ஆட்டத்தை ஆரம்பிக்க மாட்டேன். மெதுவாவே போங்க."

மெதுவாவே போங்க! வீட்டுலயோ வேலையிலயோ அவகிட்ட யாரு அப்படிச் சொல்லியிருக்கா? அத்தனை பேரும் காத்திருக்க, நடந்து போய் பேஸை மிதிச்சு, கண்ணைத் துடைச்சுக்கிட்டா.

அடுத்த அடி நடுவால பறந்துச்சு. பாருங்க, இவளுக்கு எங்கேர்ந்துதான் ரெக்கை முளைச்சுதோ! மூணாவது பேஸை மிதிச்சு, மட்டை பிடிக்கிற இடத்துக்கே வந்து குப்புற விழுந்தா. "சேஃப்!"ன்னார் அம்பயர். ரன் வந்தாச்சு, ஜெயிச்சாச்சு!

நாத்தனார் ஓடி வந்து கட்டிக்கிட்டா. "பாட்டிலை நானே தூக்குறேன் அண்ணி."

இவ நேரா அம்பயர்கிட்ட போய்க் கையெடுத்துக் கும்பிட்டா.

"நான் ஒண்ணும் பண்ணலம்மா, சட்டம் அப்படி."

"சட்டம் அப்படித்தாங்க. மெதுவா போங்கன்னு சொன்னது நீங்கல்ல?"

மறுநாள் சூப்பர்வைசர் ரெண்டு கையையும் தூக்கினார். இவ இஸ்திரி மேஜையை ஒரு தடவை தொட்டுட்டு, தனக்குள்ள சிரிச்சுக்கிட்டு, மெதுவாவே நடந்து போனா.